அதிகம் அள்ளுகிறவன்

கணவாய்முனை ஊர் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சங்கு அலறியது.

பாதிப்பேர் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். சங்கு ஊதினால் கடலுக்குள் ஒரு விசைப்படகு உடையப்போகிறது என்று பொருள். மூன்று வருடப் பழக்கம். வட்டிலை அப்படியே வைத்துவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். ஓலைவெடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு.

மணலில் நின்ற பிறகுதான் உறைத்தது. விசைப்படகுகள் இந்தக் கடலுக்கு வருவது நின்று பதினான்கு மாதம் ஆகிறது. அடிவானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தண்ணீரில் கிடந்தவை அத்தனையும் ஊரின் சொந்த வள்ளங்கள்.

"அப்போ யார அடிக்கப் போவுது?" என்றார் ஒருவர்.

கித்தேரி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். கடற்காவல் குழுவின் தலைவி அவள். கடற்பாசி எடுக்கிறவள். நாற்பத்து மூன்று வயது. பத்து விரல்களிலும் துணி சுற்றியிருந்தது. பாறையில் பாசி பிடுங்கும் பெண்கள் எல்லோரும் சுற்றுவதுதான், இல்லாவிட்டால் பவளக்கல் விரலைக் கிழித்துவிடும். மற்றவர்கள் கரையேறியதும் அவிழ்த்துவிடுவார்கள். கித்தேரி சோறு தின்னும்போது மட்டும்தான் அவிழ்ப்பாள் என்று ஊரில் கேலி உண்டு.

பவளத்திட்டின் பக்கமிருந்து தண்ணீருக்கடியில் கறுப்பு முதுகுகள் வரிசையாகக் கிளம்பின. முப்பது எஃகுத்திருக்கைகள். திருக்கை மீன் வடிவில் செய்த, அலைவிசையில் ஓடும் எந்திரங்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம். வாலுக்குப் பதிலாக ஆளுயர ரம்பம்.

அவை பெர்க்மான்ஸின் வள்ளத்தை நோக்கிப் போயின.

பெர்க்மான்ஸ் அன்று சீலா மீன் கூட்டத்தையே மடக்கியிருந்தான். விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நிற்கும் அளவுக்குப் பாரம். அவன் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினான். எந்திரத்துக்குத் தன்னை அடையாளம் காட்டுகிறான் என்று கரையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. முதல் திருக்கை அடிப்பலகையைத் திறந்தது. இரண்டாவது எஞ்சினைப் பிடுங்கிக்கொண்டு போனது. மூன்றாவது ரம்பம் மேலே வந்தபோது துண்டு மட்டும் பறந்தது.

நாலு நிமிடம். பிறகு தண்ணீர் சிவப்பாகவும் வெள்ளியாகவும் கிடந்தது. சிவப்பு ஆள், வெள்ளி மீன்.

வள்ளத்தில் இருந்த மூன்று பேரில் ஒருவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். அவனுக்கு இடது கை தோளோடு இல்லை. பெர்க்மான்ஸை ஒரு பாயில் வைத்துச் சுருட்டியபோது அது மிகவும் சின்னச் சுருளாக இருந்தது.

*

எட்டு வருடங்களுக்கு முன்பு இந்தக் கடலில் ஒன்றுமில்லை.

துறைமுகத்து விசைப்படகுகள் இரட்டைமடி வலையைக் கட்டி இழுத்து, தரையோடு தரையாக வழித்துக்கொண்டு போயிருந்தன. பாசி இல்லை, பவளம் இல்லை, குஞ்சு மீன் இல்லை. குறுக்கே நின்ற வள்ளங்களை விசைப்படகுகள் ஏறி மிதித்தன. கணவாய்முனையில் மட்டும் ஐந்து பேர் அப்படிப் போனார்கள். மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் மதிவதனி என்ற பொறியாளர் வந்தார். ஊரே தன் கடலைக் காத்துக்கொள்ளும் திட்டம். பவளத்திட்டில் ஒருவரும் வலை போடக்கூடாது என்று ஊர் தானே கோடு கிழித்தது. சின்னக் கண்ணி வலைகளைக் கரையில் குவித்து எரித்தார்கள். பெண்கள் கடல்புல் நட்டார்கள். பாசியை வேரோடு பிடுங்குவதை நிறுத்தினார்கள். இத்தனையும் செய்துவிட்டு வெளியாளை விட்டுவிட்டால் வீண் என்பதால், காவலுக்குத் திருக்கைகள் வந்தன.

திருக்கைகளின் மூளை மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு காவற்பெட்டி. அதன் காது கடலுக்கடியில். மதிவதனி அதற்குச் சுமைச்செவி என்று பெயர் வைத்திருந்தார்.

"படகு கனத்தா தண்ணிக்குள்ள அமிழும். அமிழ்ந்தா அதோட சத்தம் மாறும்," என்று அவர் விளக்கினார். "வெறும் படகோட சத்தத்தைப் பதிஞ்சு வச்சிட்டோம்னா, அதுக்கு மேல அமிழ்றதெல்லாம் கடல்லேர்ந்து எடுத்ததுன்னு கணக்கு. இருபது மைல் தூரத்துக்கு எந்தப் படகுல எவ்வளவு பாரம்னு இதுக்குத் தெரியும்."

ஊர்ப் படகுகள் நாற்பத்தாறும் பதிவாயின. பெரிய வள்ளங்களிலிருந்து கித்தேரியின் வத்தை வரைக்கும். வத்தை என்றால் இரண்டு பேர் உட்காரும் சின்னப் பலகைப் படகு. பாசிக்கு அது போதும்.

"இப்போ விதி சொல்லுங்க," என்றார் மதிவதனி. "யாரை அடிக்கணும்? விசைப்படகுகளோட பேர், உரிமையாளர் பேர், பதிவு எண். வரிசையாச் சொன்னாப் போதும்."

கூட்டம் வாயை மூடிக்கொண்டது.

கணவாய்முனையில் ஊர்த் தீர்ப்பில் பெயர் வராது. செயல்தான் வரும். வலையை அறுத்தவன் என்பார்கள், பிறர் எல்லைக்குள் புகுந்தவன் என்பார்கள். செய்தவன் தானே எழுந்து கோயில் வாசலில் மண்டியிட வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் ஒரே பந்தியில் உட்கார முடியாது என்பது அவர்கள் கணக்கு. துறைமுகத்து விசைப்படகுக்காரர்களில் பாதிப்பேர் இந்த ஊரில் பெண் எடுத்தவர்கள். ஊர்த்தலைவர் லியோனின் மருமகனுக்கே இரண்டு விசைப்படகு.

லியோன் தொண்டையைச் செருமினார். "பேரெல்லாம் வேண்டாம்மா. அதிகமா அள்ளுறவன அடிக்கட்டும். அவ்வளவுதான்."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. சரியான வார்த்தை. யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதாக ஆகாது.

மதிவதனி தயங்கினார். விசைப்படகுகள் எல்லாம் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அது மொதல்ல நடக்கட்டும் என்று கூட்டம் சிரித்தது. கித்தேரியும் சிரித்தாள். மாதத்துக்கு ஒரு முறை, முப்பது நாளில் அதிகம் அள்ளிய படகை, அது கடலில் இருக்கும்போது அடிப்பது என்று விதி பதிவானது. முன்கூட்டிச் சொன்னால் தப்பிவிடுவார்கள் என்பதால் யாருக்குக் குறி என்பதைப் பெட்டி சொல்லாது. விதியை மாற்ற வேண்டுமானால் படகுக்காரர்களில் பாதிக்கு மேல் சம்மதம் சொல்ல வேண்டும்.

திருக்கைகள் ஆளைத் தொடாது, படகைத்தான் தொடும் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. படகுக்குள் ஆள் இருப்பான் என்பதை யாரும் பேசவில்லை. முதல் விசைப்படகு உடைந்தபோது ஏழு பேர் செத்தார்கள். கணவாய்முனை வெடி கொளுத்தியது.

மாதம் ஒன்றாக உடைந்தன. மற்றவர்கள் பயந்து வேறு கடல் பார்த்துப் போனார்கள். பவளம் துளிர்த்தது. பாரை வந்தது, விளமீன் வந்தது. பெர்க்மான்ஸுக்குச் சீலா வந்தது.

*

பெர்க்மான்ஸை அடக்கம் செய்த கையோடு கித்தேரி பெட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"எங்க ஆள ஏன் அடிச்சே?"

"விதி ஒன்று. அதிகம் அள்ளுகிறவர்," என்றது பெட்டி. அதற்கு எழுத்துத் தமிழ்தான் வரும். "பதினான்கு மாதமாக விசைப்படகின் ஒலி எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இனி வராது என்று கணித்து ஊர்ப் படகுகளைப் பட்டியலில் எடுத்தேன். ஆகவே பட்டியலில் முதலில் இருந்தவர் பெர்க்மான்ஸ்."

"அடுத்து?"

"எப்போதும் ஒருவர் முதலில் இருப்பார்."

மதிவதனி இப்போது மேற்குக் கரையில் வேறு வேலையில் இருந்தார். தொலைபேசியில் அழுதார். ஆனால் விதியைத் தன்னால் தொட முடியாது, ஊர்தான் மாற்ற வேண்டும் என்றார்.

மறுநாளே கூட்டம் போட்டார்கள். விதியை எடுத்துவிடலாம் என்றாள் கித்தேரி. எடுத்தால் ஒரே வாரத்தில் விசைப்படகுகள் வந்துவிடும் என்றார் ஒருவர். வரட்டும், பேரைச் சொல்லி அடிக்கலாம் என்றாள். லியோன் தரையைப் பார்த்தார். துறைமுகத்துக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் பலர் தரையைப் பார்த்தார்கள்.

பின்வரிசையிலிருந்து கஸ்பார் எழுந்தான். ஊரிலேயே பெரிய சோம்பேறி. அவன் வள்ளத்தில் மீன் ஏறுவதைவிடத் தண்ணீர் ஏறுவதுதான் அதிகம். "ஏன் மாத்தணும்?" என்றான். "அதிகமா அள்ளுனாத்தான அடிக்கும்? நான் நாலு மீனு பிடிக்கேன், நிம்மதியா ஒறங்குறேன். ஆசப்படுறவன் பயப்படட்டும்."

பலர் தலையாட்டினார்கள். கித்தேரிக்கு அப்போது ஒன்று விளங்கியது. இந்த விதியில் ஆபத்து முதல் ஆளுக்குத்தான். மிச்சம் நாற்பத்து நாலு பேருக்கும் அது ஒரு பாதுகாப்பு. தன்னைவிட அதிகம் பிடிக்கிறவன் இருக்கும் வரை யாரும் அதைக் கைவிடமாட்டார்கள்.

பதினோரு பேர்தான் மாற்றச் சம்மதம் சொன்னார்கள். விதி நின்றது.

பெர்க்மான்ஸுக்கு அடுத்த பெரிய மீன்பிடிகாரன் யார் என்பது ஊருக்கே தெரியும். இன்னாசி. கித்தேரியின் ஒரே தம்பி. அம்மா போனபிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன்.

"கொஞ்ச நாளைக்குக் குறைச்சுப் பிடில," என்று பெர்க்மான்ஸ் போன இருபதாம் நாள் அவனிடம் கேட்டாள்.

இன்னாசி வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தான். "எப்படிக்கா? வலையில விழுந்த மீனுகிட்ட, நீ போய்ட்டு அடுத்த மாசம் வாம்பேனா?"

"வெளையாடாத."

"நீ வளத்த பூதம்தான அது. அதுக்கு மாமனத் தெரியாதாக்கும்." சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு மிதவையைக் கீழே வைத்தான். "சரி. பாதியோட திரும்பிடுதேன். போதுமா? அழாத, மூஞ்சி நல்லால்ல."

பாதி போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபது நாளாக அவன் ஏற்கனவே அள்ளியதும் கணக்கில் இருக்கிறதே. பெட்டி சொல்லாது.

இரண்டு நாள் கழித்து, ஊர் அசந்து கிடக்கும் மத்தியான வெயிலில் கித்தேரி தனியாக வத்தையைத் தள்ளிக்கொண்டு பாசிக்குப் போனாள். திரும்பும்போது சாக்கு காலியாக இருந்தது. நீரோட்டம் சரியில்லை என்று கரையில் கேட்டவர்களிடம் சொன்னாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

*

மாதம் முடிந்தது, சங்கு அலறியது. குறி கஸ்பார்.

ஊர் நம்பவில்லை. நாலு மீன் பிடிக்கும் கஸ்பாரா? கரையிலிருந்து கூப்பிடு தூரம். எல்லோரும் பார்க்கும்படி நடந்தது. திருக்கைகள் ஓட்டை வள்ளத்தை நடுவில் பிளந்தன. கஸ்பார் நீந்தத்தான் செய்தான். ஆனால் மிதந்த பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டான். பலகை படகின் பாகம். ரம்பம் பலகையைத் தேடி வந்தது.

அவன் மனைவி தண்ணீருக்குள் இறங்கி ஓடினாள். நாலு பெண்கள் அவளை இழுத்து மணலில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி கித்தேரி.

அலை உடைசலைக் கரைக்குத் தள்ளியது. அடிப்பலகைக்குள் ஏதோ செருகியிருந்தது. இன்னாசிதான் அதை உருவினான். பவளக்கல். தலை அளவு. ஒன்றல்ல, பலகைக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் பதினைந்து இருபது கிடந்தன.

வெறும் படகுக்கு மேல் அமிழ்வதெல்லாம் கடலில் இருந்து எடுத்தது. சுமைச்செவிக்குக் கல் என்றும் மீன் என்றும் தெரியாது. பவளக்கல்லும் கடலில் இருந்து எடுத்ததுதானே.

கரையில் நின்ற அத்தனை பேரும் கல்லைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கணவாய்முனை வேறு ஊராகிவிட்டது. கடலுக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவனும் தன் வள்ளத்தைத் தட்டிப் பார்த்தான். ஐஸ் பெட்டிக்குள், வலைக் குவியலுக்குள், எஞ்சின் பெட்டிக்கடியில். கல் இருந்தால் வெளியே வீசினான். யார் படகிலிருந்து வந்திருக்கும் என்று யோசித்தான். வள்ளங்கள் கரையிலிருந்து தள்ளி, ஆழம் பார்த்து நங்கூரத்தில் கிடப்பவை. இன்னொருவன் படகுக்குக் கல் கொண்டுபோக வேண்டுமானால் தன் படகில்தான் போக வேண்டும். பக்கத்து நங்கூரக்காரன் என்றுதான் முதலில் தோன்றும். அவன் மீது கை ஓங்கியாக வேண்டும்.

மூன்றாம் நாள் சகோதரர்கள் இரண்டு பேர் நடுக்கடலில் துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். தம்பியின் மண்டை பிளந்தது. அடுத்த வாரம் மீன் வெட்டும் கத்தியோடு ஒருவன் கோயிலுக்குள் ஓடினான், இன்னொருவன் அவனைத் துரத்தி ஓடினான். பீடத்துத் துணியில் ரத்தம். பூசை நின்றது. பெண்கள் சேர்ந்து பாசிக்குப் போவதை விட்டார்கள். நடவு செய்த கடல்புல்லைப் பார்க்க யாரும் போகவில்லை. பவளத்திட்டில் வலை போடக்கூடாது என்ற கோட்டை இன்னும் எல்லோரும் மதித்தார்கள், ஏனென்றால் அங்கே போனது வலைக்கு அல்ல, கல்லுக்கு. ஓரத்தில் திட்டு உடைபட்டு, பல் விழுந்த வாயாகிக்கொண்டு வந்தது.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

இன்னாசி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மாதம் முழுக்கப் பாதி மீன்கூடப் பிடிக்கவில்லை. கடைசி நாள் காலை கிளம்புமுன் கித்தேரி அவன் வள்ளத்தில் தானே ஏறித் தட்டிப் பார்த்தாள். அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"கல்லு இல்லக்கா," என்றான் இன்னாசி. "இருந்தாலும் ஒன்ன ஏத்துனதுல இது ரெண்டு ஆள் பாரம் கூடிருக்கும். எறங்கு."

அவள் இறங்கினாள். ஐந்து பாரையோடு அவன் திரும்பிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது.

*

கித்தேரி வத்தையின் சின்ன எஞ்சினை முழுதும் திருகினாள். தூரத்தில் இன்னாசி வள்ளத்தின் முன்முனையை உடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கோடாலியால் தன் படகைத் தானே உடைக்கிறான். கிட்டே போனபோது புரிந்தது. முன்முனையில் கயிறு சுருட்டி வைக்கும் பொந்து, பலகை அடித்து மூடியது. யாரோ பலகையைப் பெயர்த்து, உள்ளே கல்லை நிரப்பி, மறுபடி ஆணியடித்திருக்கிறார்கள். எத்தனை நாளாக அது அங்கே உட்கார்ந்து தினமும் கணக்கில் ஏறியதோ.

அவன் ஒவ்வொன்றாக எடுத்து வீசினான். கல் விழுந்த இடத்தில் திருக்கைகள் விலகவில்லை. முப்பது நாள் கணக்கை ஒரு நிமிடத்தில் கழிக்க முடியாது.

"வராத!" என்று கத்தினான். "அக்கா, கிட்ட வராத!"

முதல் ரம்பம் ஏறியபோது அவன் கோடாலியால் அதை அடித்தான். எஃகு முதுகில் பொறி பறந்தது. இரண்டாவதையும் அடித்தான். ஒரு திருக்கையின் கண் உடைந்து அது வட்டமடித்துச் சுற்றியது. கணவாய்முனையில் திருக்கையை அடித்தவன் அவன் ஒருவன்தான். மூன்றாவது கீழேயிருந்து வந்தது.

கித்தேரி வத்தையை உடைசலுக்குள் செலுத்தினாள். திருக்கைகள் அவளை உரசிக்கொண்டு போயின, தொடவில்லை. அவள் குறியல்ல. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து வத்தைக்குள் போட்டாள். இடுப்புக்குக் கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாயில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. கரைக்கு முக்கால் தூரத்தில் அவன் கை அவள் விரல் துணியை விட்டது.

*

கூட்டத்தை அவள்தான் கூட்டினாள். அதே சேலையோடு வந்தாள். மார்பிலிருந்து முழங்கால் வரை ரத்தம் காய்ந்து மொடமொடப்பாகியிருந்தது. நாற்பத்து மூன்று படகுக்காரர்களும் சங்கக் கட்டடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சமுள்ள ஊர் சன்னல்களில் நின்றது.

வழக்கப்படி லியோன் எழுந்து செயலைச் சொன்னார். பிறர் படகில் கல் வைத்தவன். எழுந்து வரலாம்.

யாரும் எழவில்லை.

"கைய விரிங்க," என்றாள் கித்தேரி. "பவளக்கல்லு தூக்குன கை கிழியாம இருக்காது."

ஆண்கள் கைகளைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார்கள். வலை இழுக்கிற கையில் கீறல் இல்லாதவன் எவன் என்று ஒருவர் முனகினார். அதுவும் நியாயம்தான் என்றார் லியோன். அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

பெட்டியிடம் நேராகக் கேட்டால் பெயரைச் சொல்லிவிடும். கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கித்தேரியும் கேட்கவில்லை.

அவள் பெட்டியின் பக்கம் போய் நின்றாள். "சத்தத்த வச்சு பாரம் சொல்லுற பெட்டி இது. ஒரு படகு இன்னொரு படகுகிட்ட போயி, இது லேசாயி அது கனத்துச்சுன்னா, அதுவும் இதுக்குத் தெரியும். இத்தன நாளும் நாம கேக்கல, அது சொல்லல." திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "பழைய விதி போகட்டும். அதிகமா அள்ளுறவன் வேண்டாம். பிறத்தியார் படகுல கல்லு வச்ச படகு எதுவோ, அத ஒடைக்கட்டும். படகுதான், ஆளு வேண்டாம். நங்கூரத்துல கெடக்கும்போதே ஒடைக்கட்டும். பேரும் வேண்டாம். நம்ம வழக்கம்தான?"

நாலைந்து பேர் இருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த நாலைந்து படகும் போய்விட்டால் ஊர் மறுபடி ஊராகிவிடும். அதற்கு என்ன விலை என்பதையும் அவள் மூன்று மைல் தம்பியை மடியில் போட்டு ஓட்டிவந்தபோதே யோசித்து முடித்திருந்தாள்.

"சம்மதம் உள்ளவங்க சொல்லலாம்," என்றாள்.

முதலில் அமைதி. அமைதியாக இருப்பவன்தான் கல் வைத்தவன் என்று ஆகிவிடுமே என்ற எண்ணம் வரிசை வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. முன்வரிசையில் ஒருவன் அவசரமாகச் சம்மதம் என்றான். பக்கத்தில் இருந்தவன் அவனைவிடச் சத்தமாகச் சொன்னான். பிறகு எல்லோரும். யார் கடைசி என்று வந்துவிடக்கூடாதே என்று ஒருவர் குரலை ஒருவர் மிதித்துக்கொண்டு சொன்னார்கள். மண்டை பிளந்த தம்பி கட்டோடு உட்கார்ந்து சொன்னான். அவன் அண்ணன் சொன்னான். லியோன் கடைசிக்கு முந்தி சொன்னார். கித்தேரி கடைசியாகச் சொன்னாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

கித்தேரி வலது கைச் சுட்டுவிரலின் துணியை அவிழ்த்தாள். பிறகு நடுவிரல். துணி ரத்தத்தில் ஒட்டியிருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. சன்னலில் நின்ற கஸ்பாரின் மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதிய விதி ஏற்கப்பட்டது," என்றது பெட்டி. "பொருந்தும் படகுகள், நாற்பத்து மூன்று."

சங்கு அலறத் தொடங்கியது. பவளத்திட்டிலிருந்து கறுப்பு முதுகுகள் நங்கூரத்துறையை நோக்கிக் கிளம்புவது சன்னல் வழியே தெரிந்தது. யாரும் ஓடவில்லை. அடிவானத்தில், பதினாறு மாதத்துக்குப் பிறகு, ஒரு விசைப்படகின் புகை மேலே எழுந்தது.

லியோன் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து முன்னால் கொண்டுவந்தார். உள்ளங்கைகள் இரண்டும் கிழிந்திருந்தன.

"ஊர்ல மிச்சம் கெடக்கதே நாப்பத்து மூணுதான், கித்தேரி," என்றார். "ஒன் வத்தையையும் சேத்து."